மூன்று ரூபாயும் ஒரு கோடும்

அருப்புக்கோட்டை இலக்கியக் கூட்டத்தில் பேச்சாளருக்குக் கொடுத்திருந்த தலைப்பு ‘வள்ளல்கள்’. மைக்கைப் பிடித்ததுமே அதை ஓரமாக வைத்துவிட்டார். “இருக்கையில கொடுத்தவுக கதையெல்லாம் பேசியாச்சு. செத்த பிறகு கொடுத்தவுக கதையைப் பேசுவமா?”

பச்சையப்ப முதலியாரில் தொடங்கினார். தகப்பன் முகம் காணாத பிள்ளை. துபாஷ் வேலையில் பொருள் சேர்த்தவர். நாற்பது வயதில், 1794-இல், தர்மத்துக்கென்று உயில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். “எம்புட்டுங்கிறீங்க? லட்சக்கணக்குல! அந்தக் காலத்து லட்சம்!” கைதட்டல். ஆனால் பணம் தர்மத்துக்குப் போய்ச் சேரவில்லை. வழக்கு நீதிமன்றம் ஏறியது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்றார். கோயில் கட்டளைகள் போக மிஞ்சிய பணம் கல்விக்குத் திரும்பி, பள்ளிக்கூடம் திறந்தது 1842-இல். “48 வருஷம்! பிறந்த பிள்ளை பேரன் எடுத்துருவான்யா!”

அந்தச் சிரிப்பில் பேச்சு தடம் மாறியது. “நம்மூர்லயும் இருக்காக. பேர் சொல்ல மாட்டேன். மேடையில லட்சம்னு அறிவிப்பாக. ரசீதுப் புஸ்தகத்தை நீட்டினா, மல்லி விலை ஏறட்டும்பாக.” பத்து நிமிஷம் அதிலேயே போனது. மேடையில் இருவர் தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு குரல் இறங்கியது. “நம்ம திருச்சுழிப் பிள்ளை ஒண்ணு...” என்றார். பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. 1879-இல் திருச்சுழியில், மனு எழுதி வக்கீல் தொழில் பார்த்த சுந்தரமய்யர் வீட்டில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. 1896-இல் மதுரையை விட்டுக் கிளம்பும்போது, அண்ணனின் கல்லூரிக் கட்டணமாக வைத்திருந்த 5 ரூபாயில் 3-ஐ எடுத்துக்கொண்டு, மிச்சம் 2 ரூபாயைச் சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். சீட்டின் அடியில் கையெழுத்து இல்லை, வெறும் கோடுகள்தான்.

கோவணத்தைத் தவிர ஏதும் வேண்டாதவருக்கு உயில் எதற்கு? பேச்சாளர் இதைத்தான் மூன்று தடவை கேட்டார். ஆசிரம நிர்வாகம் யாருக்கு என்று ஒருவர் வழக்குப் போட்ட பிறகு, 1938-இல் மகரிஷியின் பெயரில் உயில் எழுதிப் பதிவானது. சொத்து சாமிக்கு, நிர்வாகம் தம்பி நிரஞ்சனானந்தருக்கு, அவருக்குப் பின் அவர் வழிக்கு. கையெழுத்துக்குப் பதிலாக மகரிஷி ஒரு கோடு இழுத்தார். “அவரே எழுதி வச்சாரு. நமக்கென்னய்யா கேடு?” இதற்கு விழுந்த கைதட்டல்தான் அன்றைக்குப் பெரிது.

மானம் பார்த்த பூமி என்று அலுத்துக்கொள்கிறவர்களையும் அவர் விடவில்லை. மகமையும் பிடியரிசியும் சேர்த்துத்தானே 1889-இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது? கொடுக்கிற கை இங்கே உண்டு, எழுதுகிற கையைத்தான் காணோம் என்பது அவர் மனக்குறை. வீட்டை நூலகத்துக்குத் தருவதாக வாயால் சொன்ன பெரியவர் ஒருவரைப் பெயரில்லாமல் இழுத்தார். அவர் போன மறுமாசமே அலமாரிப் புத்தகங்கள் எடைக்குப் போயினவாம்.

சட்டம் பேசியது இரண்டே நிமிஷம். பத்திரத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. நிறைவேற்றப் பொறுப்பான ஓர் ஆளைக் குறிப்பிடுவதும் நல்லது, பச்சையப்பர் கதை ஞாபகமிருக்கட்டும். கடைசியாக எழுதியதே நிற்கும். இஸ்லாமியர் உயிலில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான் எழுதலாம். கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு எழுத இருந்த கெடுபிடியை உச்ச நீதிமன்றம் 2003-இல் நீக்கிவிட்டது.

நன்றியுரை முடிந்து மைக்கை அணைத்துவிட்டார்கள். நாற்காலிகளை அடுக்கும் சத்தத்துக்கு நடுவே, விரலெல்லாம் சாயம் ஏறிய ஒரு முதியவர் மேடையோரம் வந்தார்.

“அண்ணாச்சி, எனக்கும் எழுத்து வராது. கோடு போட்டாச் செல்லுமா?”

“செல்லும் பெரியவரே. நீங்க போடுறதைப் பார்த்து ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்.”

“ரெண்டு பேருக்கு எங்க போறது?” என்று முதியவர் திரும்பிப் பார்த்தார். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பையன்கள் கையை நிறுத்தினார்கள்.