உப்பும் சர்க்கரையும் ஒரு லிட்டர் நீரும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அறிவியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் வகுப்பு என்றதும் விண்வெளி, அணு, செயற்கை நுண்ணறிவு ஆகியவை குறித்துப் பேசப்படும் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் ஒவ்வொருவர் வீட்டு அடுக்களையிலும் இருக்கிறது: உப்பு, சர்க்கரை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். இம்மூன்றையும் சரியான அளவில் கலந்தால், வயிற்றுப்போக்கினால் சாகக் கிடக்கும் குழந்தையைப் பிழைக்க வைக்கலாம். இந்த எளிய உண்மை எப்படிக் கண்டறியப்பட்டது, அது ஏன் இன்னும் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரவில்லை, அதில் நமக்குள்ள கடமை என்ன என்பவற்றையே இன்று பார்க்கப்போகிறோம்.

வயிற்றுப்போக்கு எதனால் கொல்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். பெரும்பாலான நேரங்களில் கிருமி நேரடியாகக் கொல்வதில்லை. உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதால் இரத்த ஓட்டம் குன்றி, உறுப்புகள் செயலிழக்கின்றன. காலராக் கிருமி ஒரு நச்சுப் பொருளைச் சுரக்கிறது. அந்த நச்சு சிறுகுடலின் சுவரை நீரையும் உப்பையும் கொட்டச் செய்கிறது. இதை 1959-ஆம் ஆண்டில் நிறுவிக்காட்டியவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் தே. எளிய வசதிகள் மட்டுமே கொண்ட ஆய்வுக்கூடத்தில் அவர் இதைச் சாதித்தார். உலக மருத்துவம் அவருடைய கண்டுபிடிப்பின் மீது பெரும் கட்டடத்தையே எழுப்பியது. 1985-இல் அவர் இறக்கும்வரை நம் நாட்டு அரசு அவரை உரிய முறையில் கௌரவிக்கவில்லை.

அடுத்த படி இன்னும் சுவையானது. நோயுற்ற குடல் வெறும் உப்பு நீரை உறிஞ்சாது. குடித்தது அப்படியே வெளியேறிவிடும். ஆனால் குடற்சுவரில் இன்னொரு வாயில் இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து வந்தால் மட்டுமே அது திறக்கும். காலரா நச்சு இந்த வாயிலை அடைப்பதில்லை. இரண்டும் உள்ளே நுழைந்தால் நீரும் அவற்றைத் தொடர்ந்து உள்ளே செல்லும். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இந்த இணைப்பை விளக்கினார். நாம் கரைசலில் சர்க்கரை சேர்ப்பது சுவைக்காக அல்ல என்பது இதிலிருந்து புரியும். உப்பை உள்ளே அழைத்துச் செல்லும் துணை அது. அதே வேளையில் சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் நீரை இழுத்து, போக்கை மேலும் கூட்டும். குளிர்பானமும் இனிப்புப் பழச்சாறும் இந்நோய்க்கு ஆகாது என்று சொல்வது இதனால்தான்.

இந்த அறிவு மக்களிடம் வந்து சேர ஒரு பெருந்துயரம் தேவைப்பட்டது. 1971-இல் கிழக்கு வங்கத்தில் நடந்த ஒடுக்குமுறையிலிருந்து தப்பி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தனர். எல்லையோர நகரமான பன்காவிலிருந்த மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையிலும் இடமின்றிக் கிடந்தனர். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. அதை ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை அளந்து பொட்டலங்களாகக் கட்டச் செய்தார். அவற்றை நீரில் கரைத்து, குழாய் பொருத்திய பெரிய பீப்பாய்களில் வைத்தார். நோயாளிகளுக்கு அதைப் புகட்டும் வேலையைத் தாய்மாரிடமும் உறவினரிடமும் ஒப்படைத்தார். அதற்கு முன் நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

தோழர்களே, இந்நிகழ்வில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெறுங்கையோடு வந்த அகதித் தாயால் ஒரு மருத்துவச் சிகிச்சையைச் சரியாகச் செய்ய முடியும் என்று அந்த மருத்துவர் நம்பினார். மருத்துவ உலகில் பலர் அன்று அதை நம்பவில்லை. படித்தவர் கையில்தான் சிகிச்சை இருக்க வேண்டும் என்று கருதினர். தாய்மாரின் கைகளே அந்த வாதத்துக்கு விடையளித்தன. மகாலனாபிஸ் 2022 அக்டோபரில் மறைந்தார். அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டில்தான்.

கண்டுபிடிப்பு ஒருபுறம் இருக்க, அதைக் கொண்டுசேர்ப்பது தனி உழைப்பு. விடுதலை பெற்ற வங்கதேசத்தில் 1980 முதல் 1990 வரை ‘பிராக்’ என்னும் அமைப்பின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களில் இக்கரைசல் செய்யக் கற்பித்தனர். பெரும்பாலான தாய்மாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் அளவுக் கரண்டியும் இல்லை. எனவே மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று கையையே அளவுகோலாக்கினர். சொல்லிக் கொடுத்ததோடு விடவில்லை. தாயே செய்து காட்ட வேண்டும். சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்று பார்ப்பார். பணியாளரின் ஊதியமும் அதைப் பொறுத்தே அமைந்தது. எத்தனை வீடுகளுக்குப் போனோம் என்ற கணக்கைவிட, எத்தனை வீடுகளில் செய்தி தங்கியது என்ற கணக்கை அவர்கள் மதித்தனர். துண்டறிக்கை விநியோகித்த எண்ணிக்கையை அறிக்கையில் எழுதி நிறைவடையும் நாம் இதிலிருந்து கற்க வேண்டும்.

நம் நாட்டின் நிலை என்ன? 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 60 விழுக்காட்டினருக்கே ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. துத்தநாக மாத்திரை சுமார் 30 விழுக்காட்டினருக்குத்தான் கிடைத்தது. கல்கத்தாவிலும் பன்காவிலும் பிறந்த அறிவு, ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பத்தில் நான்கு இந்தியக் குழந்தைகளைச் சென்றடையவில்லை.

இதற்குக் காரணம் விலை அல்ல. பொட்டலத்தின் விலை சில ரூபாய்கள். அங்கன்வாடியிலும் ஆஷா பணியாளரிடமும் இலவசமாகவே கிடைக்க வேண்டும். கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவம் அளிப்போரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. ஓ.ஆர்.எஸ். நல்லது என்று அறிந்த மருத்துவர்களே அதை எழுதித் தருவதில்லை. நோயாளிகள் அதை விரும்பமாட்டார்கள் என்று எண்ணுவது இதற்கான முதன்மைக் காரணம் என்று அது காட்டியது. குழந்தையின் பெற்றோர் தாமே கேட்டபோது அதை எழுதித் தருவது கணிசமாகக் கூடியது. ஊசி, மாத்திரை, ஆன்டிபயாடிக் ஆகியவையே மருத்துவம், உப்பும் சர்க்கரையும் மருந்தாகுமா என்ற எண்ணத்தை வணிக மருத்துவம் ஆழமாக விதைத்திருக்கிறது. மக்கள் கேட்கத் தொடங்கினால் அது ஆட்டம் காணும்.

வணிகம் இன்னொரு வழியிலும் இதில் நுழைந்தது. சர்க்கரை மிகுந்த இனிப்புப் பானங்கள் சில, ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைத் தம் பெயரில் ஒட்டிக்கொண்டு மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. மருத்துவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அப்பெயரைப் பானங்களுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. தடை காகிதத்தில் இருக்கிறது. கடையில் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

இனி நடைமுறை. பொட்டலம் கிடைத்தால் அதுவே சிறந்தது; அதில் பொட்டாசியம் உள்ளிட்டவையும் உண்டு. மேலே குறித்துள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. அதற்கு மேல் உப்பு போடுவது ஆபத்து. கலக்கியதை வாயில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லிலிட்டர், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர், சிறிது சிறிதாகப் புகட்டலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்கலாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. ‘வயிற்றைக் காயப்போடு’ என்ற பழைய அறிவுரை இங்கே தீங்கு செய்யும். உப்பிட்ட சோற்றுக் கஞ்சி கொடுத்த நம் பாட்டிமார் சரியாகவே செய்தனர். அதை அறிவியலும் ஏற்கிறது. மலத்தில் இரத்தம், குழி விழுந்த கண், குடிக்க இயலாமை, துவண்டு கிடத்தல், நிற்காத வாந்தி இவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஒரு கேள்வி எழக்கூடும். குடிநீரைத் தூய்மையாகத் தர வேண்டிய அரசை விட்டுவிட்டு, தாய்மார் கையில் கரண்டியைக் கொடுப்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்க அரசுக்கு உதவாதா? நியாயமான கேள்வி. கரைசல் சாவைத் தடுக்கும், நோயைத் தடுக்காது. நோயைத் தடுக்கத் தூய நீரும் கழிவுநீர் வடிகாலும் வேண்டும். நம் நகரங்கள் பலவற்றில் ஒரு நாளில் சில மணி நேரமே தண்ணீர் விடப்படுகிறது. நீர் நின்றபின் குழாயில் அழுத்தம் குறையும்போது, அருகிலுள்ள சாக்கடை நீர் விரிசல் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. இதுவும் அறிவியலே. குடிநீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அதை அளக்கும் சிறு சோதனைப் பெட்டி எளிதில் கிடைக்கிறது. நிறம் மாறுவதைப் பார்த்தே சொல்லிவிடலாம். தெருக்கோடிக் குழாயில் தொடர்ந்து பல நாள் அளந்து எழுதிய ஒரு தாளோடு நகராட்சி அலுவலகத்துக்குச் செல்லும் கிளையை, அதிகாரிகள் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51-ஏ பிரிவு கூறுகிறது. அது மேடையில் மட்டும் வளராது. ஆகவே மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு கிளையும் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிளைப் பகுதியில் கைக்குழந்தையுள்ள வீடுகளுக்குச் சென்று, அப்பா உள்ளிட்ட எல்லோர் முன்னிலையிலும் கரைசல் செய்ய வைத்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் சென்று கேளுங்கள். அங்கன்வாடியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் இருப்பில் உள்ளனவா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அந்தப் பணியாளரைக் குறை சொல்லாமல், அவரோடு சேர்ந்து மேலிடத்தில் கேளுங்கள். குழாய் நீரை அளந்து குறித்துவையுங்கள். அடுத்த வகுப்பில் பேசப்போவது நானல்ல; அந்தக் குறிப்பேடுகளோடு வரும் நீங்கள்தான்.