துன்புற்றார்க்குத் துணைநிதி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிவைத்த ஆராய்ச்சி மணியை நாம் அனைவரும் அறிவோம். கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தது. மன்னன் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டான். நீதி வழுவாமைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. குற்றம் புரிந்தவன் தண்டனை பெற்றான். கன்றை இழந்த பசுவின் துயர் தீர்ந்ததா? இறைவன் அருளால் கன்றும் மைந்தனும் உயிர்பெற்று எழுந்தனர் என்று புராணம் கூறுகின்றது. நம் காலத்து நீதிமன்றங்களில் அத்தகைய அற்புதம் நிகழ்வதில்லை. ஆகவே, இழந்தார்க்கு இயன்றவரை ஈடு செய்யும் கடமை அரசையும் சமுதாயத்தையும் சார்கின்றது.

இக்கடமையை நாடுகள் உணரத் தலைப்பட்டது அண்மைக் காலத்திலேதான். நியூசிலாந்து 1963-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அமெரிக்கா 1984-இல் ஒரு தனி நிதியை நிறுவியது. குடிமக்களின் வரிப்பணமன்று, குற்றவாளிகள் செலுத்தும் அபராதமே அந்நிதியின் ஊற்று. அது மாநிலங்களுக்கு மானியமாகப் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. அபராத வரவு குன்றியபோது நிதியும் குன்றியது. அதனைச் சீர்செய்ய 2021-இல் திருத்தச் சட்டம் வேண்டியதாயிற்று. ஊற்று வற்றினால் கிணறு எவ்வாறு நிறையும்?

நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், அபராதத் தொகையிலிருந்து ஈடு வழங்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளித்தது. ஆனால் குற்றவாளி வறியவனாயின் யாது செய்வது? அவன் யாரென்றே தெரியாவிடின் யாது செய்வது? இக்குறையைப் போக்கவே 357-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து, பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவாக அது விளங்குகின்றது. இதன்படி ஒவ்வொரு மாநில அரசும் இழப்பீட்டுத் திட்டம் வகுத்து நிதி ஒதுக்கவேண்டும். குற்றவாளி அகப்படாவிடினும் துன்புற்றவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை பெற்றாலும் நீதிமன்றம் ஈடு வழங்கப் பரிந்துரைக்கலாம். விசாரணை இரண்டு திங்களுக்குள் முடிதல் வேண்டும். உடனடி மருத்துவ உதவிக்கும் இடைக்கால உதவிக்கும் அதில் வழியுண்டு.

மாநிலங்களின் நிதிக்குத் துணையாக, 2015-இல் மத்திய அரசு 200 கோடி ரூபாயைத் தொடக்கத் தொகையாகக் கொண்டு மத்திய இழப்பீட்டு நிதியை அமைத்தது. பெண்களுக்கென வகுக்கப்பட்டு 2018 அக்டோபர் 2-இல் நடைமுறைக்கு வந்த திட்டம், உயிரிழப்புக்கு 5 இலட்சம் முதல் 10 இலட்சம் ரூபாய் வரை என அளவு குறித்தது. எனினும் ஒருமுறை தரும் மானியம் ஒருமுறை பெய்யும் மழையே. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் பொருள் ஒதுக்கப்படாவிடின், ஈடு வழங்கும் ஆணை தாளளவிலேயே நின்றுவிடும். பசித்தவனுக்கு இலை மட்டும் இட்டு எழுப்பிவிடுவதற்கு அஃது ஒப்பாகும்.

அன்பர்களே! இச்செய்திகளை இத்தமிழ் மேடையில் எடுத்துரைப்பது எதற்காக என்று சிலர் எண்ணக்கூடும். பிழைப்பை நாடி வந்த தமிழ்த் தொழிலாளி ஒருவர் இத்தலைநகரின் ஏதோ ஒரு தெருவில் இரவில் தாக்கப்பட்டுக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இந்தி தெரியாது. காவல் நிலையத்தில் தம் வாக்குமூலம் எவ்வாறு எழுதப்பட்டது என்பதையும் அறியார். கையில் முதல் தகவல் அறிக்கையின் படியும் இல்லை. அவர் எம்மொழியினர், எவ்வூரினர் என்று சட்டத்தின் இப்பிரிவு வினவவில்லை. எனினும் வாயிலை அறியாதவர்க்கு, திறந்த கதவும் மூடிய கதவே. ஆராய்ச்சி மணி கட்டப்பட்டிருக்கிறது. அதன் கயிறு எங்கே தொங்குகிறது என்பதுதான் நம்மவர்க்குத் தெரியவில்லை.

அக்கயிற்றைக் காட்டுவது நம் சங்கத்தின் கடமை. முத்தமிழ் விழா எடுப்பதோடு அக்கடமை முடிவதாகாது. முதலாவதாக, விண்ணப்பம் செய்யும் முறையைத் தமிழில் அச்சிட்டுத் தொழிலாளர் குடியிருப்புகளில் வழங்குவோம். சட்ட உதவிக்கான 15100 என்னும் தொலைபேசி எண்ணையும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் அதில் குறிப்போம். இரண்டாவதாக, இருமொழியும் அறிந்த உறுப்பினர் சிலர், துன்புற்றவருடன் காவல் நிலையத்திற்கும் ஆணைக்குழுவிற்கும் உடன்செல்ல முன்வருதல் வேண்டும். மூன்றாவதாக, இந்நிதிக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு வழங்கப்பட்டது என்று அரசைத் தொடர்ந்து வினவுவோம்.

இழந்த உயிருக்கும் மானத்திற்கும் பொருள் ஈடாகாது. இதனை நாம் மறக்கவில்லை. ஆயினும் மருத்துவருக்குக் கொடுக்கவும், அடுப்பு எரியவும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் பொருள் வேண்டும். அதனை இரந்து பெறாமல் உரிமையாகப் பெறுவதில் ஒரு தலைநிமிர்வும் உண்டு. அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையேறும்போது, ஒரு குடும்பத்திற்கேனும் அத்தலைநிமிர்வை மீட்டுத் தந்தோம் என்று கூறும் பேறு நமக்கு வாய்ப்பதாக!