தவணை கூறாத கடன்



வருவாய்க்கு மிஞ்சிச் செலவு செய்யும் குடும்பம் கடனில் மூழ்கும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இன்று உலகமே அத்தகைய கடனாளிக் குடும்பமாகிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,700 கோடித் தொன் கரியமிலவாயு வானிற் கலக்கின்றது. காடும் கடலும் ஏறக்குறையப் பாதியை உட்கொள்கின்றன. எஞ்சியது வானிலே தங்கி, வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958ஆம் ஆண்டு சார்ள்ஸ் கீலிங் என்னும் அறிஞர் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காயிருந்த இவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

காபன் நடுநிலை என்பது யாது? மனிதர் வானுக்கு விடும் அளவும், வானிலிருந்து மீட்கும் அளவும் சமமாதலே அது. இச்சமநிலையை இந்நூற்றாண்டின் பிற்பாதியில் எய்துவதென 2015ஆம் ஆண்டுப் பரிஸ் ஒப்பந்தம் குறித்தது. வெப்ப உயர்வை 1.5 பாகையில் நிறுத்தவேண்டின், 2050ஆம் ஆண்டளவில் கரியமிலவாயுக் கணக்குச் சமப்பட வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் காலநிலை அறிஞர் குழு 2018இல் அறிவித்தது. பிரித்தானியாவும் இலங்கையும் 2050 என்றன. சீனா 2060 என்றது. இந்தியா 2070 என்றது. ஐக்கிய அமெரிக்காவோ ஒப்பந்தத்தை விட்டு விலகி, 2021இல் மீண்டும் சேர்ந்து, பின்னர் 2025இல் மறுபடியும் விலகுவதாக அறிவித்தது.

ஆண்டைக் குறிப்பது எளிது. கடனைத் தீர்ப்பேன் என்பவன் தவணையையும் கூறவேண்டாமா? பிரித்தானியா 2008இல் இயற்றிய சட்டம் ஐந்தாண்டுக்கோர் உச்ச அளவை விதித்தது. சுயாதீனக் குழுவொன்று ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கின்றது. 1882இல் இலண்டனில் நிலக்கரி மின்னிலையம் கண்ட அந்நாடு, 2024 செப்டெம்பர் 30ஆம் நாள் தன் கடைசி நிலக்கரி மின்னிலையத்தை மூடியது. ஆயினும், பிற நாடுகளிற் செய்வித்து இறக்கும் பொருள்களின் புகை அதன் இலக்குக் கணக்கில் ஏறுவதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். எரிபொருளால் இலங்கையர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 தொன் கரியமிலவாயு. அமெரிக்கர் ஒருவருக்கோ அதனிற் பன்மடங்கு. ஆகவே இது நம் கடனன்று என்று வாளாவிருக்கலாமா? கடன் பட்டவர் எவராயினும் வட்டி நம் வயலிலன்றோ அறவிடப்படுகின்றது! பருவம் தவறும் மழை விதைப்பைக் கெடுக்கும். உயரும் கடல் குடாநாட்டுக் கிணறுகளை உவராக்கும்.

ஆயத்தமின்றித் திணிக்கப்படும் பசுமையின் விளைவையும் நாம் கண்டோம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது; நெல் விளைச்சல் வீழ்ந்தது; அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் எரிந்துகொண்டிருக்க, பசுமையின் பெயரால் கமக்காரனின் தோளிலே சுமை ஏற்றப்பட்டது. இது நீதியாகுமா?

எனவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, 2050 என்னும் வாக்குறுதிக்கு ஆண்டுக் கணக்குப் பாராளுமன்றத்தில் வைக்கப்படல் வேண்டும். இரண்டாவது, மாற்றுவழியும் உதவியும் கையிற் கிடைக்குமுன் உழவன்மேல் எத்தடையும் விழலாகாது. மூன்றாவது, இழப்பீட்டுக்கென 2022ஆம் ஆண்டு உலக மாநாட்டில் உடன்பட்ட நிதிக்குப் பெருங்கடனாளி நாடுகள் தம் பங்கை முழுமையாகச் செலுத்தல் வேண்டும்.

சிறு நாட்டின் குரலை எவர் கேட்பார் என்று ஐயுறவேண்டாம். வனுவாட்டு என்னும் சின்னஞ்சிறு தீவு நாடு முன்னின்று முயன்றதனாலேயே இவ்வழக்கு சர்வதேச நீதிமன்றத்தை அடைந்தது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என 2025 யூலையில் அம்மன்று கருத்துரைத்தது.

நம்மிடையே சட்டத்தரணிகள் உளர், பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர். மண்ணையும் மழையையும் அறிந்த கமக்காரர் உளர். இவர்கள் ஒருங்கிருந்து கணக்குக் கேட்பின், அதற்கு மறுமொழி கூறாது எந்த அரசும் நழுவ முடியாது. கேட்போமாக.