நெல்லி நடுவோம், உப்பிலிடுவோம்

நம்ம தோவாளைச் சந்தையில் பூ விலை இறங்கினால் மறுநாளைக்கு வைத்து விற்க முடியாது. உப்பிலிட்ட நெல்லிக்காய் மாதக்கணக்கில் இருக்கும். அதனால்தான் இன்றைக்கு நெல்லியைப் பற்றிப் பேச வந்தோம்.

ஒட்டுக்கன்றாகக் கேட்டு வாங்குங்க. என்.ஏ.7 நிறையக் காய்க்கும். காஞ்சனில் நார் அதிகம். பவானிசாகரில் உருவானது பி.எஸ்.ஆர்.1. ஆனால் எல்லாக் கன்றும் ஒரே ரகமாக நடவேண்டாம். பக்கத்தில் வேறு ரகம் இல்லையென்றால், பூ நிறையப் பூத்தும் காய் பிடிக்காது. நாலைந்து வருஷம் காத்திருந்த பிறகு இது தெரிந்து என்ன செய்ய? மரத்துக்கு மரம் 20 அடி விடணும். ஆரல்வாய்மொழிக் காற்றைச் சொல்லவேண்டாம். நெல்லிக் கொப்பு சட்டென்று முறியும். காய் பிடித்ததும் முட்டுக் கொடுங்க.

உப்பிலிட, அடிபடாத காயாகப் பொறுக்கிக் கழுவி, ஈரம் போகத் துடைக்கணும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் கல்லுப்பு. கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டு, காய் போட்ட பரணியில் ஊற்றணும். காய் மிதந்தால் மேலே பூஞ்சை பிடிக்கும், அமுக்கி வையுங்க. மேல்நாட்டில் ஆலிவ் காயையும் கசப்பு போக இப்படி உப்புநீரில்தான் ஊறப்போடுகிறார்கள். நெல்லியில் குறைவது துவர்ப்பு. செலவைப் பார்த்து உப்பைக் குறைக்காதீங்க. பரணி கெட்டால் குழுக்கடனில் போட்ட பணமும் சேர்ந்து போகும்.

விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேணும். அந்தப் படிவத்தை அடுத்த கூட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்தே நிரப்பிவிடலாம்.