தொழிற்செயலியும் உழைப்பாளர் சம்மதமும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் புதியது. எனினும் நம் மரபினர் பலருடைய பிழைப்பைத் தொட்டு நிற்பது. வீடுதோறும் சரக்கு ஒப்புவிப்போர், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், தவணை வசூலிப்போர், இயந்திரம் பழுதுபார்ப்போர் ஆகிய ஊழியர்கள் எவ்விடத்தில் இருக்கின்றனர் என்பதை முதலாளிக்குக் கைபேசி வாயிலாக அறிவிக்கும் செயலிக்கு, கூகிள் ப்ளே என்னும் சந்தையில் அங்கீகாரம் பெறுவது எங்ஙனம் என்பதே அப்பொருள். இவ்வவையில் அத்தகைய செயலியை இயற்றும் வாலிபரும் உளர். அதை விலைக்கு வாங்கும் வணிகரும் உளர். அதைச் சட்டைப்பையில் சுமந்து வெயிலில் அலையும் பிள்ளைகளும் உளர். மூவர்க்கும் பொதுவாகவே உரைக்கின்றோம்.

முதற்கண், இவ்வங்கீகாரம் ஏன் அரிதாயிற்று என்பதை ஆராய்வோம். இச்சந்தை 2008-ஆம் ஆண்டில் வேறு பெயரால் தோன்றி, 2012-இல் இப்பெயர் பெற்றது. அந்நாளில் செயலியை நிறுவுங்கால் எல்லா அனுமதிகளையும் ஒருங்கே கொடுத்துவிடும் வழக்கம் இருந்தது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6, அனுமதிகளை வேண்டும்பொழுது தனித்தனியே கேட்கச் செய்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, செயலி பயன்பாட்டில் இருக்கும்போது இருப்பிடம் அறிதல் வேறு, திரைக்குப் பின்னே மறைந்திருந்து அறிதல் வேறு எனப் பிரித்தது. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11, 'எப்பொழுதும்' என்னும் அனுமதியைக் கேள்விப் பெட்டியினின்றே நீக்கி, கைபேசிக்கு உரியவர் அமைப்புகள் பகுதிக்குத் தாமே சென்று வழங்குமாறு விதித்தது. காரணம் வெளிப்படை. ஒருவனுடைய இருப்பிடத்தை இரவும் பகலும் அறிபவன், அவன் செல்லும் வைத்தியரையும், வழிபடும் இடத்தையும், கலந்துகொள்ளும் கூட்டத்தையும் அவன் சொல்லாமலே அறிந்துவிடுகின்றான்.

நிற்க. செயலி இயற்றுவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய முதற் கேள்வி, 'பின்னணி இருப்பிட அனுமதி நமக்கு மெய்யாகவே வேண்டுமா?' என்பதாம். ஊழியர் கடைக்குச் சென்று வருகைப் பொத்தானை அழுத்தும் கணத்தில் இடம் அறிந்தாற் போதுமெனின், அவ்வனுமதி வேண்டுவதில்லை. வழி நெடுகத் தொடரவேண்டுமாயினும், ஊழியரே 'பணி தொடக்கம்' என்னும் பொத்தானை அழுத்த, அதுமுதல் இடையறாத அறிவிப்பொன்று திரையின் மேற்பட்டையில் விளங்க, முன்னணிச் சேவை என்னும் முறையில் நடத்துவோமாயின், 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற சிறிய அனுமதியே பெரும்பாலும் போதியதாகும். அச்சேவை இருப்பிடத்தின் பொருட்டானது எனச் செயலியுள் குறித்தலும், 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல் சந்தையின் படிவத்தில் காரணங் கூறிக் காணொளி இணைத்தலும் கடமைகளாயின. ஆயினும் பெரிய அனுமதியைக் கேட்டுத் தடுக்கி விழுவதினும் இவ்வழி நன்று. ஊழியரும் தாம் கவனிக்கப்படுவதைக் கண்கூடாக அறிவர்.

பெரிய அனுமதி இன்றியமையாததென்று துணிந்தவர்கள் செய்யவேண்டுவன சில உள. செயலியின் தலையாய பயன் யாது, அதற்குப் பின்னணி இருப்பிடம் எவ்வாறு உதவுகின்றது என்பதைப் படிவத்தில் தெளிவாக எழுதல் வேண்டும். சிறு காணொளியொன்றில், அறிவிப்புரை தோன்றுவதும், அனுமதி கேட்கப்படுவதும், அப்பயன் நிகழ்வதும் முறையே காட்டப்படல் வேண்டும். அவ்வறிவிப்புரை, கைபேசி தன் கேள்வியைக் கேட்பதற்கு முன்னரே செயலியினுள் தோன்றவேண்டும். நெடிய தனியுரிமைக் கொள்கையின் நடுவே புதைந்து கிடத்தல் ஆகாது. 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்த' என்பன போன்ற மழுப்பல் மொழிகள் பயன்படா. 'நீங்கள் பணி தொடங்கிய நேரமுதல் முடிக்கும்வரை, செயலி மூடியிருக்கும்போதும், உங்கள் இருப்பிடத்தைத் திரட்டிச் சென்ற தூரத்தைக் கணக்கிட்டு உங்கள் மேலாளர்க்கு அனுப்புவோம்' என்று எழுதுவதே நேர்மையுடைய வாசகமாம்.

தனியுரிமைக் கொள்கை சந்தையின் பக்கத்திலும் செயலியினுள்ளும் கிடைத்தல் வேண்டும். 2022 முதல் தரவுப் பாதுகாப்பு என்னும் பகுதியையும் நிரப்பவேண்டும். இருப்பிடம் கைபேசியைவிட்டு நம் சேவையகத்துக்குச் செல்லுமாயின், 'திரட்டுகின்றோம்' என்றே அதிற் குறித்தல் முறை. இப்பகுதியும் கொள்கையும் செயலியின் செய்கையும் ஒன்றோடொன்று முரணுதல் கூடாது. மேலும், தொழிற்செயலிக்குள் நுழையக் கடவுச்சொல் வேண்டுமாதலின், பரிசோதகர்க்கெனத் தனிக் கணக்கொன்று கொடுத்தல் அவசியம். நம் நாட்டுக் கைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணை எங்கோ இருக்கும் பரிசோதகர் பெறமாட்டார். வாயிலிலேயே நின்றுவிட்டவர் உள்ளிருக்கும் பொருளை எங்ஙனம் மெச்சுவார்?

வேறொரு விதியும் உண்டு. பிறரைக் கண்காணிக்கும் செயலி, பெற்றோர் தம் பிள்ளைகளைக் காத்தற்கோ, நிறுவனம் தன் ஊழியரை மேலாள்வதற்கோ ஏற்பட்டதாயின், அதனைக் கண்காணிப்புக் கருவியென்றே செயலியுள் குறித்து, இடையறாத அறிவிப்பையும் காட்டவேண்டும். வாழ்க்கைத்துணையை வேவு பார்க்க அதனைப் பயன்படுத்த இடமில்லை. உருவை மறைத்துக்கொண்டு இயங்கவும் இடமில்லை.

தனிநபராய்ப் புதிதாகக் கணக்குத் தொடங்கும் வாலிபர், செயலியை வெளியிடுமுன் பன்னிருவரைக் கொண்டு தொடர்ந்து 14 நாட்கள் சோதித்தல் வேண்டும். 2023-இல் இருபதின்மர் என்றிருந்த தொகை 2024-இல் 12 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரே நிறுவனத்தின் உள்ளுபயோகத்துக்கு மட்டும் உரிய செயலியாயின், பொதுச்சந்தையில் வைக்காமல், நிறுவனங்கட்கென அமைந்த தனி வழியில் அவ்வூழியர்க்கே வழங்கலாம். ஆப்பிள் நிறுவனத்தாரிடத்தும் இத்தகைய வழி உண்டு.

இனி, வணிகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. 'சம்பளம் கொடுப்பவர் நாம். நம் ஆள் எங்கே போகின்றான் என்று பார்க்க அவன் சம்மதம் எதற்கு?' என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே; விடையும் உண்டு. சம்பளம் வேலை நேரத்துக்கு உரியது. வேலை முடிந்தபின் அவன் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழி, நாம் விலைகொடுத்து வாங்கிய பொருளன்று. 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அடங்கிய அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையென ஒருமனதாய்த் தீர்ப்பளித்தது. 2023-இல் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. வேலைவாய்ப்பின் நிமித்தமும், முதலாளியை நஷ்டத்தினின்று காத்தற்பொருட்டும் சம்மதமின்றியே தரவைக் கையாள அச்சட்டம் ஓரளவு இடந்தருகின்றது. ஆயினும் சட்டம் விட்ட இடமெல்லாம் அறம் விட்ட இடமாகிவிடாது.

உழைக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று கூறுவோம். இக்கருவி முற்றும் பகையன்று. நேர்மையாய் அமைந்த பதிவு, நீங்கள் சென்ற தூரத்துக்குப் பயணப்படி வாங்கித் தரும். 'நீ வரவேயில்லை' என்னும் வீண்பழியினின்று காக்கும். ஆனால் பணி முடிவுப் பொத்தானை அழுத்திய பின்னும் அறிவிப்பு அணையாதிருப்பின், ஏனென்று கேட்கத் தயங்காதீர்கள். வேலை போய்விடுமென்ற அச்சத்தால் வாய் மூடி அழுத்திய 'சம்மதம்', சம்மதமெனப்படாது. இதனை முதலாளிமாரும் உணர்தல் வேண்டும்.

ஆதலின், சங்கத்தார்க்கு இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். செயலி இயற்றும் நம் வாலிபர்க்குச் சோதனை செய்ய ஆள் கிடைப்பது அரிதாகையால், மெய்யாகவே கருவியைப் பயன்படுத்திக் குற்றங் குறைகளை எடுத்துரைக்கும் பன்னிருவரைச் சங்கம் திரட்டித் தரவேண்டும். அவருள் பாதிப்பேரேனும் வெயிலில் அலையும் ஊழியராயிருத்தல் நலம். இரண்டாவது, இத்தகைய செயலியை வாங்கும் நம் வணிகர், வேலை நேரத்துக்கு அப்பால் எவரையும் தொடர்வதில்லையென எழுத்து மூலம் தம் ஊழியர்க்கு உறுதி கூறவேண்டும். முதலாளியும் ஊழியனும் ஒரே பந்தியில் அமரும் சமூகம் நம்முடையது. சந்தையின் பரிசோதகர் கேட்கும் நேர்மையை, அவர் கேளாமுன்பே நாம் ஒருவர்க்கொருவர் கொடுத்துவிடுவோமாயின், அங்கீகாரம் பெறுதல் அரிதாயிராது.