கோடை விடுமுறையும் பெற்றோர் கடமையும்



மகாவீரர் ஜெயந்தியை அடுத்துக் கோடை விடுமுறை வருகிறது. பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சி. இருவரும் பணிக்குச் செல்லும் பெற்றோர்க்கோ கவலை. வந்தவாசி, ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களில் உள்ள தாத்தா, பாட்டி வீட்டிற்கு அனுப்புவது நம் வழக்கம். ஆயினும், முதியோரின் உடல்நிலையைக் கேட்டறியாமல் அனுப்புவது அவர்களை வருத்துவதாகும். பிற உயிரை வருத்தாமை என்னும் நம் அறம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

50 பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம். மழலையர்க்கு அது உதவும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாமே வழி காண வேண்டும்.

நகரில் அருகருகே வாழும் ஐந்து குடும்பங்கள் கூடட்டும். வாரத்தில் ஒரு நாள் ஒரு குடும்பம் எல்லாப் பிள்ளைகளையும் காக்கட்டும். கணவனும் மனைவியும் மாறி மாறிப் பொறுப்பேற்றால், ஆறு வாரத்தில் ஒருவருக்கு மூன்று நாள் விடுப்பே போதும். இது தாய்க்கு மட்டும் உரிய கடமை அன்று.

மற்றொரு நன்மையும் உண்டு. பெற்றோர் இருட்டிய பின் திரும்பும் வீட்டில், இரவுண்ணாமை என்னும் ஒழுக்கம் பிள்ளைகளிடமிருந்து நழுவிப் போகிறது. பொறுப்பேற்கும் வீட்டிலோ கதிரவன் மறையுமுன் அவர்கள் ஒன்றாக அமர்ந்து உண்பர். பஞ்ச நமஸ்காரம் சொல்லவும் பழகுவர்.

ஆகவே, இன்று கலைந்து செல்லுமுன் அருகில் வாழும் குடும்பத்தாருடன் பேசி, நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வளர்க அறம்!