மழையும் துருசும்: சாகாமத்துப் பக்கம் யானை வரும் வழி

   

வறண்ட கச்சான் காற்று எழுந்ததும் அம்பாறை மாவட்டத்தின் சாகாமம், கஞ்சிகுடிச்சாறுப் பக்கத்து யானைகள் ஏன் வயலுக்கும் வளவுக்கும் வருகின்றன? இதற்கு இரண்டு விடைகளை இங்கே எல்லோரும் கேட்டிருப்பீர்கள். காலநிலை மாறிவிட்டது என்பது ஒரு சாரார் விடை. காடு போய்விட்டது, குடியேற்றம் வந்துவிட்டது என்பது மற்றச் சாரார் விடை. இரு சாராரும் என் நண்பர்கள், முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். பல கருத்தரங்குகளில் என்னை நடுவில் நிற்பவன் என்று கேலி செய்திருக்கிறார்கள். நான் நடுவில் நிற்கவில்லை, குளக்கட்டில் நிற்கிறேன். மழை தவறினால் அந்தத் தவறு யானையிடம் நேரே போய்ச் சேர்வதில்லை. குளத்தின் வழியாகத்தான் போகிறது. குளத்தில் நீரை வெளிவிடும் துருசு உண்டு. துருசைத் திறக்கவும் மூடவும் ஆட்கள் உண்டு.

லாகுகலையை எடுத்துக்கொள்வோம். பொத்துவிலிலிருந்து மொனராகலை போகும் வீதியில் உள்ள இடம், உங்களில் பலர் பஸ்ஸிலிருந்தே யானை பார்த்திருப்பீர்கள். 1980இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட லாகுகலை–கித்துலானையின் பரப்பு 1,554 ஹெக்டேயர்தான். இவ்வளவு சிறிய பூங்காவில் வறட்சிக் காலத்தில் அத்தனை யானைகள் கூடுவது எதற்காக? நிழலுக்காக அல்ல. நீருக்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது. குளப்படுக்கையில் வளரும் ‘பெரு’ என்ற புல்லுக்காக. நீர் வற்ற வற்ற, ஈரம் காயாத சேற்றில் அந்தப் புல் எட்டும் உயரத்தில் கிடைக்கிறது. அதே மாதங்களில் சுற்றியுள்ள காட்டில் இலை முற்றி, நார் ஏறி, தின்னத் தகுந்தது குறைந்துவிடுகிறது. முற்றிய காட்டில் யானைக்குத் தீனி ஏராளம் என்பது நகரத்தில் இருப்போரின் நினைப்பு. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். அடர்ந்த கூரைக் காடு அதைக் கொடுப்பதில்லை. கைவிட்ட சேனைப் பயிர்நிலமும் குளப்படுக்கைப் புல்லுந்தான் கொடுக்கின்றன. ஜோர்ஜ் மெக்கே தென்கிழக்கு இலங்கையின் யானைகளைப் பற்றி 1973இல் வெளியிட்ட ஆய்வை இன்னும் படிக்காமல் இதைப் பற்றிப் பேசுவோர் உண்டு, பெயர் சொல்லப்போவதில்லை.

ஐப்பசியில் வாடை மழை இறங்கினால் குளம் நிரம்பும், புல் மூழ்கும், யானைகள் கலைந்து போகும். ஆக, யானையின் நாட்காட்டி மழை எப்போது பெய்தது என்பதில் மட்டும் இல்லை. நீர் எப்போது இறங்கியது, எவ்வளவு மெதுவாக இறங்கியது என்பதில் இருக்கிறது. மெதுவாக இறங்கினால் புதுப்படுக்கை வாராவாரம் வெளிப்படும். ஒரேயடியாக வற்றினால் படுக்கை வெடித்துப் புல் கருகும். இறங்காமலே நின்றால் புல்லே இல்லை. புல் இல்லாதபோது யானை வயலுக்கும் வளவுக்கும் திரும்பும்.

இறங்காமல் நின்றால் என்னவாகும் என்று கேட்போருக்கு மின்னேரியா இருக்கிறது. மகாசேனன் கட்டிய அக்குளத்தின் படுக்கையில் ஆடி, ஆவணி மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவதை உலகமே வந்து பார்த்தது. 2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் இயங்கத் தொடங்கியபின் வறட்சி மாதங்களிலும் மின்னேரியாவுக்கு நீர் திருப்பி விடப்பட்டது. புல்வெளி நீருக்கடியில் போனது. கூட்டம் குறைந்தது, வந்தவையும் மெலிந்திருந்தன. அங்கே மழை பிழைக்கவில்லை, நீர் நிறையவே இருந்தது. வானத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

அப்படியானால் காலநிலை மாற்றம் பொய்யா? அதுவுமில்லை. 2011 ஜனவரியில் அம்பாறை வெள்ளத்தில் கிடந்ததும், 2016–17இல் நாடு கடும் வறட்சியில் வாடியதும் நமக்குத் தெரியும். மழை நாட்கள் சுருங்கிக் கொட்டித் தீர்க்கும்போது நீரைப் பிடித்து வைக்கவே அதிகாரிகள் விரும்புவார்கள். வறட்சியில் சிறுபோகத்துக்குக் கடைசிச் சொட்டையும் திறப்பார்கள். முதலாவதில் புல் மூழ்கும், இரண்டாவதில் கருகும். வானம் கொடுக்கும் அடியைத் துருசு இப்படித்தான் யானைக்குக் கடத்துகிறது.

காடு போனது என்போருக்கும் ஒரு வார்த்தை. யானை ஆய்வாளர் பிருத்திவிராஜ் பெர்னாண்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் காட்டியபடி நாட்டின் நிலப்பரப்பில் 59.9 வீதத்தில் யானை நடமாடுகிறது, அதில் 69.4 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். காட்டுக்குள் விரட்டி மின்வேலி போட்டால் தீரும் என்ற கணக்கு இதில் எங்கே பொருந்துகிறது?

அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டைப் பற்றிக் கேட்பீர்கள். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று இறந்தன என்று 2022 ஜனவரியில் உலகச் செய்தியானது. நம் கரையோர ஊர்களின் குப்பை அது, வெட்கப்படத்தான் வேண்டும். ஆனால் படுக்கையில் புல் இல்லாத மாதங்களில் குப்பைக்கு வரும் யானை கூடுகிறதா என்று ஒருவரும் மாதவாரியாக எண்ணியதாகத் தெரியவில்லை. எண்ணியிருந்தால் இந்த வாதம் எப்போதோ முடிந்திருக்கும்.

மாட்டுப்பட்டிகளும் இதே படுக்கைப் புல்லையே நம்புகின்றன. வட்டமடுவில் மாட்டுப்பட்டிக்காரருக்கும் விவசாயிகளுக்கும் இடையிலான மேய்ச்சல் தரைப் பிணக்கை மனிதர் பிணக்காக மட்டும் எழுதியவர்கள் யானையையும் அதில் சேர்த்துப் பார்க்கலாம். துருசால் விளக்க முடியாதவையும் உண்டு. பாணமை, ஒக்கந்தைக் கரையில் முட்டையிடும் ஆமைகளின் கதை வேறு: மணல் 29 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தைத் தாண்டத் தாண்டப் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பொரிக்கும். இங்கே துருசு இல்லை, என் வாதமும் செல்லாது. 

இனிச் செய்ய வேண்டியவை. மாவட்டச் செயலகத்தில் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டக் குறிப்புகள் இருக்கும். துருசு திறந்த திகதிகளை அவற்றிலிருந்து எடுக்கலாம். பயிர்ச்சேத விண்ணப்பங்களை அவற்றுக்கு அருகில் வைக்கலாம். நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானைமாரைக் கேட்கலாம், அவர்கள் நினைவில் இருப்பது கோப்பில் இல்லை. சாகாமக் குளத்தின் நீர்மட்டத்தை வாரமொருமுறை குறிக்க ஓர் இளமாணி மாணவர் போதும். குளப்படுக்கைப் புல்வகைகளுக்குத் தமிழில் ஒரு பட்டியலும் வேண்டும். செய்மதிப் படங்களும் உதவும். நேரம் முடிந்ததென்று கூட்டத் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். மற்றவற்றைக் கேள்வி நேரத்தில் பார்த்துக்கொள்வோம்.